எல்லையோர ஊர்களுக்கு ஆள் கூட்டிப் போகும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாய்லாந்துக்குக் குழு அழைத்துச் செல்லும் தமிழ்ப் பயண ஏற்பாட்டாளர்களுக்கும், கேமராவும் கையுமாக அந்த நாட்டின் வடக்கு, மேற்கு மலைப்பகுதிகளைச் சுற்றி வீடியோ போடும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று தாய்லாந்து அறிவித்த பிறகு, நம்மூர்க் கூட்டம் பாங்காக், பட்டாயாவோடு திரும்பி வந்துவிடுவதில்லை. சியாங் மாய், சியாங் ராய், மே ஹொங் சொன், மே சாய், மே சோட் என்று மியான்மர் எல்லைக் கோடு வரைக்கும் போகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த மலைகளையும் அங்குள்ள மனிதர்களையும் நேசிக்கிறவள் நான். வேலையில் விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் போய் வருகிறவள். யாரையும் போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. போன இடத்தில் இருக்கும் மக்களை நாம் பார்க்கிற முறை சரியில்லை, அதை மாற்ற உங்களால்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயணத் திட்டங்களில் இருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். ‘நீள்கழுத்துப் பெண்கள் கிராமம், 40 நிமிடம்’ என்று சியாங் ராயின் வெள்ளைக் கோயிலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் வருமே, அந்த வரி.

அந்தப் பெண்கள் கயான் இனத்தவர். அவர்களுடைய ஊர் தாய்லாந்து இல்லை. மியான்மரின் கயா மாநிலத்துக்காரர்கள். பர்மிய ராணுவத்துக்கும் கரென்னிப் போராளிகளுக்கும் நடந்த சண்டையில் வீடும் வயலும் போய், 1980களின் பிற்பகுதியிலிருந்து எல்லை தாண்டி மே ஹொங் சொன் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்கள். அகதிகளாக வந்தவர்களின் கழுத்திலிருந்த பித்தளை வளையம், வந்த சில ஆண்டுகளிலேயே அந்த மாகாணத்தின் சுற்றுலா விளம்பரமாகிவிட்டது. வெளிநாட்டுக்காரர் உள்ளே போய்ப் பார்க்க 250 பாட் என்று பல ஆண்டுகளாகக் கட்டணம் வாங்கினார்கள். பிறகு சியாங் மாய், பட்டாயா பக்கமெல்லாம் வியாபாரிகள் மூங்கில் குடிசைகள் போட்டு, கயான் குடும்பங்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். உங்கள் பேருந்துகளில் பெரும்பாலானவை போவது இந்த இடங்களுக்குத்தான். அங்கே ஊர்த்தலைவர் கிடையாது, வயல் கிடையாது, கோயில் கிடையாது. வரிசையாகக் கடைகள், கடைக்கு முன்னால் ஒரு பெண், அவ்வளவுதான். பல இடங்களில் வளையம் போட்டவருக்கு மாதப்படி உண்டு, போடாதவருக்கு இல்லை. அப்படியிருக்க, தன் மகளுக்கு வளையம் போடலாமா வேண்டாமா என்று ஒரு தாய் எப்படி மனம்போல முடிவெடுப்பாள்?

அந்த வளையத்தைப் பற்றியும் உங்கள் வழிகாட்டிகள் தப்புத் தப்பாகச் சொல்கிறார்கள். அது தனித்தனி வளையங்கள் அல்ல, ஒரே நீளப் பித்தளைக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியது. ஐந்து வயதையொட்டித் தொடங்குவார்கள், வளர வளரக் கழற்றிவிட்டு இன்னும் நீளமான கம்பியைச் சுற்றுவார்கள். கழுத்து நீள்வதே இல்லை. பித்தளையின் கனம் காறை எலும்பையும் மேல் விலா எலும்புகளையும் கீழே அழுத்துகிறது, அதனால் கழுத்து நீண்டது போலத் தெரிகிறது. கழற்றினால் கழுத்து ஒடிந்து செத்துப் போவார்கள் என்று பேருந்து மைக்கில் சொல்லப்படுவதும் பொய். எத்தனையோ பெண்கள் கழற்றிவிட்டு நன்றாக இருக்கிறார்கள்.

கழற்றியவர்களின் கதையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2008 வாக்கில், கயான்களில் ஏறத்தாழ 20 பேரைக் குடியமர்த்திக்கொள்ள நியூசிலாந்தும் பின்லாந்தும் முன்வந்திருந்தன. புதிய வாழ்க்கை தயாராகக் காத்திருந்தது. ஆனால் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தாய்லாந்து அதிகாரிகள் அனுமதி தராமல் இழுத்தடித்தார்கள். சுற்றுலா வருமானம் போய்விடும் என்பதுதான் காரணம் என்ற குற்றச்சாட்டு உலகம் முழுக்க எழுந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பேச்சாளரே இதை ‘மனிதக் காட்சிச்சாலை’ என்று கண்டித்தார். அந்த நேரத்தில்தான் இளம்பெண்கள் சிலர் எதிர்ப்பைக் காட்ட வளையத்தைக் கழற்றினார்கள். நாம் 40 நிமிடம் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட கூட்டம், அவர்களை அங்கேயே கட்டிவைத்த கயிற்றில் ஓர் இழை.

இதை நமக்குத் தெரிந்த இடத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்திறங்கிய நம் மக்கள் மண்டபம் முகாமில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த முகாம் வாசலில் ஒருவர் மேசை போட்டு, தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் கிழித்து, வெளிநாட்டுப் பேருந்துகளை உள்ளே விட்டால் நமக்கு எப்படி இருக்கும்? நம் அக்காள் தாலியைத் தொட்டுப் பார்த்து, திரும்பி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தால்? அகதிகள் குறித்த 1951 உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்துப் போடவில்லை, தாய்லாந்தும் போடவில்லை. சட்டத்தின் துணையில்லாமல் அடுத்தவர் தயவில் வாழ்கிற வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தமிழர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு பேருந்து வந்துபோனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தமிழ்க் குழுதான். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, அது இந்தக் கடிதத்துக்குத் தேவையும் இல்லை. குழுவை அழைத்துவந்தவர், தறியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் ‘ஸ்மைல், ஸ்மைல்’ என்று இரண்டு விரலால் தன் உதட்டை விரித்துக் காட்டினார். அவள் சிரித்தாள். ஒருவர் மாற்றி ஒருவராகத் தோளில் கைபோட்டு நின்றார்கள். ஒரு சிறுவன் வளையத்தைச் சுண்டிப் பார்த்துச் சத்தம் வருகிறதா என்று கேட்டான், அவனை யாரும் தடுக்கவில்லை. சால்வையின் விலையைப் பாதிக்குக் கேட்டார்கள், வாங்காமலே போனார்கள். அந்தப் பெண்ணிடம் பேர் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதே கயான் மக்களை வேறு மாதிரியும் சந்திக்கலாம். மே ஹொங் சொன் நகருக்கு அருகே பாய் ஆற்றங்கரையில் ஹுவாய் பூ கெங் என்ற ஊர் இருக்கிறது. துறையிலிருந்து நீளவால் படகில் போக வேண்டும். அங்கே இப்போது ஊராரே சேர்ந்து விருந்தினரைத் தங்கவைக்கிறார்கள், நெசவும் பித்தளை வேலையும் மரவேலையும் சொல்லித்தருகிறார்கள், காசு ஊருக்குள் வருகிறது. குறையே இல்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். அங்கும் வளையத்தைப் பார்க்கத்தான் பலர் வருகிறார்கள். ஆனால் ஓர் இரவு தங்கினால் நடப்பதே வேறு. பகல் பயணிகள் படகேறியதும் ஊர் தன் முகத்துக்குத் திரும்புகிறது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள், பெரியவர் பன்றிக்குத் தீனி வைக்கிறார், இளம்பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டு சுள்ளி ஒடிக்கிறார்கள்.

நான் தங்கிய வீட்டம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைக் கூடையை எடுத்து நடுவில் வைத்தார். மியான்மர் மலைக்காரர்களுக்கு வெற்றிலை இல்லாமல் பேச்சே கிடையாது. பாக்கும் சுண்ணாம்பும் நம்முடையதேதான், கூடக் கொஞ்சம் புகையிலை. நான் எங்கள் ஆத்தா செய்வது போல நுனியையும் காம்பையும் கிள்ளி, பின்பக்க நரம்பை உரித்து, தொடையில் துடைத்து, சுண்ணாம்பு தடவினேன். நரம்பை உரிப்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு இன்னொரு முறை செய்யச் சொன்னார். அதற்கப்புறம் கேள்வியெல்லாம் அவருடையதுதான். எத்தனை பிள்ளைகள், உங்கள் ஊரில் அரிசி கிலோ என்ன விலை, மாமியார் கூட இருக்கிறாரா, காதிலே எதற்கு இத்தனை ஓட்டை, நெற்றியில் வைத்திருக்கும் பொட்டு கழுவினால் போகுமா. எங்களுக்கு நடுவில் இருந்து மொழிபெயர்த்த கரேன் இனத்து இளைஞன் களைத்துப் போனான். அந்த ராத்திரி பார்க்கப்பட்ட அதிசயப் பெண் நான்தான். அது எனக்கு நிறைவாக இருந்தது, நியாயமாகவும் இருந்தது.

இப்படியொரு பேச்சுக்கு 40 நிமிடம் போதாது. நான் கேட்பதெல்லாம் நேரம்தான். ஆறு இடம் போகிற நாளில் இரண்டு இடம் போங்கள்.

அடுத்ததாக, அடையாள அட்டை. எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கான மலைவாழ் மக்களுக்குத் தாய்லாந்துக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. லாஹு, அக்கா, வா, ஷான், கரேன் என்று பல இனத்தவர். மாகாணத்தைவிட்டு வெளியே போக வேண்டுமென்றால்கூடப் பலர் மாவட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். 2018இல் தாம் லுவாங் குகையில் மாட்டிக்கொண்ட 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். உலகமே அவர்களுக்காக வேண்டிக்கொண்டது. அவர்களில் மூன்று சிறுவர்களும் பயிற்சியாளரும் அப்போது எந்த நாட்டின் குடிமக்களும் அல்ல. உள்ளே நீந்திவந்த பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்களிடம் ஆங்கிலத்தில் பேசியவன் அந்த மூவரில் ஒருவன், வா இனத்துச் சிறுவன். ஆகஸ்டில் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 2024 அக்டோபரில் தாய்லாந்து அமைச்சரவை, ஏறத்தாழ 4,83,000 பேருக்கு நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ விரைவாகக் கிடைக்க வழி செய்து முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் அட்டை கைக்கு வரும்வரை அவர்கள் அதே நிலையில்தான்.

மே சோட் பக்கம் போகிற வீடியோக்காரத் தம்பிகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மியான்மரில் 2021 பிப்ரவரியில் நடந்த ராணுவப் புரட்சிக்குப் பிறகு, எல்லையான மோய் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் அந்த ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஆசிரியர்கள், நர்சுகள், வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்தியதும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தேநீர்க் கடையில் உங்களுக்குச் சமோசாவும் தேநீரும் கொண்டுவந்து வைக்கிற பையன் அவர்களில் ஒருவனாக இருக்கலாம். அவனிடம் உரிய ஆவணம் இல்லாமல் இருக்கலாம். அவன் தாய் தந்தை இன்னும் அந்தப் பக்கம் இருக்கலாம். ‘எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க’ என்று அன்போடுதான் நீங்கள் அவன் முகத்தைக் காட்டுகிறீர்கள். ஆனால் அந்தக் காட்சியை யார் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கடைப் பலகையும் தெரு முனையும் சேர்ந்து படத்தில் விழுந்தால் இடத்தைக் கண்டுபிடிக்க யாருக்கும் சிரமமில்லை. கையைக் காட்டுங்கள், தேநீர் ஆற்றுவதைக் காட்டுங்கள், அவன் குரலை உங்கள் குரலில் சொல்லுங்கள். முகம் வேண்டாம். சரி என்று அவனே சொன்னாலும் வேண்டாம். உங்கள் சேனலுக்கு எத்தனை லட்சம் பேர் வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மே சோட்டிலிருந்து வடக்கே போகும் 105ஆம் எண் சாலையில் மே லா அகதி முகாம் வரும். 1984லிருந்து இருக்கிறது. எல்லை நெடுக உள்ள ஒன்பது முகாம்களில் அதுதான் பெரியது. மலையடிவாரத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மூங்கில் வீடுகளில் வாழ்கிறார்கள். அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. 2025இல் வெளிநாட்டு நிதி வெட்டப்பட்டு ரேஷனும் மருத்துவமும் ஆட்டம் கண்டன. அதே ஆண்டு ஆகஸ்டில்தான், முகாமில் இருப்பவர்கள் வெளியே சட்டப்படி வேலை செய்யத் தாய்லாந்து அரசு முதன்முறையாக வழிவிட்டது. வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி ஜன்னல் வழியாகப் படம் பிடிக்காதீர்கள். கடந்து போங்கள். உதவ மனமிருந்தால் மே சோட்டில் மே தாவ் மருத்துவமனை இருக்கிறது. கரேன் இன மருத்துவர் சிந்தியா மாங் 1989இல் தொடங்கியது, எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறது. 2002இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. குழுவாக உள்ளே நுழைந்து நோயாளிகளைச் சுற்றிப் பார்க்க வேண்டாம், முறைப்படி நன்கொடை அனுப்புங்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் மியாவடிப் பகுதியில் இருக்கும் இணைய மோசடிக் கூடங்களை இந்தக் கரையில் நின்று ஜூம் செய்து காட்டும் வீடியோக்களும் வருகின்றன. வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் அடிபட்டு மீண்டுவந்த இடம் அது. 2022இல் தமிழக இளைஞர்கள் மீட்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் நூற்றுக்கணக்கான இந்தியர்களை விமானப்படை விமானத்தில் மே சோட்டிலிருந்து அழைத்துவந்தார்கள். அதைத் திகில் படமாக எடுக்காதீர்கள். வேறொன்றும் இதில் சொல்வதற்கில்லை.

பயண ஏற்பாட்டாளர்களிடம் ஒரு பாதையைப் பரிந்துரைக்கிறேன். காஞ்சனபுரியிலிருந்து 323ஆம் எண் சாலையில் வடமேற்கே போனால் சங்க்லாபுரி, அதையும் தாண்டினால் மூன்று பகோடா கணவாய், மியான்மர் எல்லை. நம் குழுக்கள் குவாய் ஆற்றுப் பாலத்தில் நடந்து படம் எடுத்துக்கொண்டு அன்று மாலையே பாங்காக் திரும்பிவிடுகின்றன. அந்தப் பாலத்தின் வழியே பர்மாவுக்குப் போன 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942, 43இல் ஜப்பானியர் போட்டபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்களை அங்கே இறக்கினார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் ஏராளம். சுமார் 90,000 ஆசியத் தொழிலாளர்கள் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் பேர் பொறித்துப் பளிச்சென்று இருக்கின்றன. அவை நேச நாட்டுப் போர்க்கைதிகளுடையவை. நம் தொழிலாளர்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு கல்லும் இல்லை. தமிழ்க் குழுவை அந்த ஊருக்கு அழைத்துப் போகிறவர் இதைச் சொல்லாமல் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

அதே சாலையில் இன்னும் மேலே போய் சங்க்லாபுரியில் இரண்டு இரவு தங்குங்கள். 1984இல் அணை கட்டி முடித்தபோது பழைய ஊர் தண்ணீரில் மூழ்கியது. பர்மாவிலிருந்து வந்த மோன் இன மக்களுக்கு லுவாங் போ உத்தமா என்ற துறவி துணையாக நின்றார். அவர் முன்னின்று கட்டிய நீளமான மரப்பாலம் 2013 வெள்ளத்தில் நடுவே உடைந்து, மறு ஆண்டு திரும்ப எழுந்தது. விடியற்காலையில் மோன் பெண்கள் தனகா பூசிய கன்னத்தோடு சோற்றுப் பானையை வைத்துக்கொண்டு பிக்குகளுக்குக் காத்திருப்பார்கள். தனகா என்பது விளாமரத்துக்கு உறவான மரத்தின் பட்டையைக் கல்லில் உரைத்தெடுக்கும் குழம்பு, நாம் சந்தனம் உரைப்பதேதான். வரிசையில் நின்று படம் எடுக்காமல், பின்னால் தள்ளி நின்று பாருங்கள். பாலத்தில் சிறு பிள்ளைகள் உங்கள் கன்னத்தில் தனகா பூசிவிடக் காசு கேட்பார்கள். பள்ளி நேரமாக இருந்தால் கொடுக்காதீர்கள். காசை அவர்கள் அம்மா வைத்திருக்கும் கடையில் செலவழியுங்கள்.

வாடிக்கையாளர் கேட்கிறார், அதனால் போடுகிறோம் என்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரு முறை மே ஹொங் சொன்னில், பரமக்குடிப் பக்கத்து அம்மா ஒருவரைப் பார்த்தேன். ஆயுசெல்லாம் கைத்தறியில் உட்கார்ந்தவர், மகனோடு வந்திருந்தார். இடுப்பில் வார் கட்டிக் காலை நீட்டி நெய்யும் தறியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பாவு நூலைத் தடவிப் பார்த்தார், கரையில் நூல் தளர்ந்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். நெய்துகொண்டிருந்தவள் முதலில் திகைத்து, பிறகு வாரை அவிழ்த்து இவர் இடுப்பில் கட்டிவிட்டாள். மகன் மூன்று முறை கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. நம் மக்களுக்கு இதெல்லாம் வரும். நீங்கள் நேரம் கொடுப்பதில்லை.

செலவு கூடும் என்பது உண்மை. ஓர் இரவு கூடினால் விலை ஏறும், சிலர் வேறு நிறுவனத்துக்குப் போவார்கள். நெரிசல் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அதற்குள் ஒரே ஒரு குழுவையாவது இப்படி அனுப்பிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அந்த ஊரில் பிறந்த கரேன் அல்லது கயான் வழிகாட்டியை அமர்த்தி, அவர் கூலியை அவர் கையிலேயே கொடுங்கள். தங்கும் இடத்தை ஊர்க்காரர்களிடமே நேரடியாகப் பேசி முடியுங்கள். அக்கா இனத்தவரின் கிராமங்களுக்குப் போனால் ஊர் நுழைவில் இருக்கும் மர வாயிலைத் தொடக்கூடாது என்று வண்டியிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது தெய்வக் காவல். தாய்லாந்து பாட் பணத்தைச் சில்லறையாக நிறைய எடுத்துப் போகச் சொல்லுங்கள், மலையூர்களில் ஆயிரம் பாட் தாளை மாற்ற முடியாது.

அனுப்பிய பிறகு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். திட்டம் போடும்போது சந்தேகமிருந்தால், பாதை, படகு, சாப்பாடு எதுவானாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பயணி